ஐந்தாம் நம்பர் தொட்டி

எங்கள் ஊர் எண்ணெய் டிப்போவில் ஐந்து தொட்டிகள். நான்கில் டீசலும் பெட்ரோலும். ஐந்தாவதில் வெறும் தண்ணீர், தீப்பிடித்தால் அணைப்பதற்கு. இருபத்து மூன்று வயதில் அங்கே அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்த என் நாத்தனார், முதல் வாரம் முழுக்க ஐந்தையும் அளந்தார். அந்தத் தப்பிலிருந்துதான் இந்தக் கதை முழுவதும் வருகிறது.

அளவெடுப்பது என்றால் இரும்பு ஏணியில் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து, நீளமான அளவுகோலை அடி தட்டும்வரை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. அதோடு முடிந்துவிடாது. எண்ணெய் வெயிலில் வீங்கும், குளிரில் சுருங்கும். காலையில் இருந்த அதே டீசல் மதியம் கொஞ்சம் கூடிப்போனதுபோல் காட்டும். அதனால் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, சூட்டையும் எழுத வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை. எழுதுவது பென்சிலில்தான். பேனா மை டீசல் பட்டால் கரைந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டிக்கு இது எதுவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்தால் போதும். வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் "அஞ்சு தொட்டியையும் பார்த்துக்கோம்மா" என்று சொன்னார், இவர் பார்த்துக்கொண்டார். ஏழாம் நாள் பதிவேட்டைப் புரட்டிய மேனேஜர், "தண்ணியோட சூட்டை எதுக்கும்மா எழுதியிருக்கே? குளிக்கப் போறியா?" என்றார். டிப்போவே சிரித்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு விட்டிருப்பார்கள். இவர் கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு நோட்டு வாங்கி, மறுநாள் காலையிலிருந்து ஐந்தாம் நம்பருக்குத் தனிக்கணக்கு தொடங்கினார். "நான் தப்பா அளக்கல சார். தண்ணியைச் சரியாத்தான் அளந்தேன்" என்றாராம். இருபத்தாறு வருஷம் அந்த வீம்பு ஓயவில்லை. விடுமுறை நாளில் நான்கு எண்ணெய்த் தொட்டிகளை மாற்று ஆள் அளப்பார். ஐந்தாவதுக்கு இவரே சைக்கிளில் போவார். காய்ச்சலில் படுத்த நாளில்கூட "காய்ச்சல், அளக்கவில்லை" என்று மறுநாள் எழுதிவைப்பார். "என்ன கோலக்கா, தண்ணி விலை ஏறிடுச்சா?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். கையில் எப்போதும் கோல் இருந்ததால் அவருக்கு ஊரே வைத்த பேர் அது.

அப்படிக் கேட்ட லாரிக்காரர்களில் ஒருவர் கோலக்காவின் சொந்தத் தம்பி. டிப்போவிலிருந்து எண்ணெய் ஏற்றிப்போகும் டேங்கர் லாரி ஓட்டுபவர். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

அண்ணி என்று நான் கூப்பிடும் கோலக்கா எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வந்தவங்கள்ல ஒருத்தரும் சொன்ன நேரத்துக்கு வரல" என்பார். இரவுச் சாப்பாடு மட்டும் கீழே எங்களோடு. எங்கள் சண்டையும் அங்கேதான்.

சண்டை சொத்துக்காக இல்லை, சாமானுக்காக இல்லை. பூமி ஏன் சூடாகிறது என்பதற்காக. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பத்து வருஷம் நாங்கள் இதற்காகவே தட்டில் சோறு காயும்வரை கத்தியிருக்கிறோம்.

"சூடாகுது, ஒத்துக்கறேன். அதுக்கு எங்க டீசல் என்னடி பண்ணும்? சூரியன் கொஞ்சம் அதிகமா எரியுது, அவ்வளவுதான். பூமி முன்னாடியும் சூடாகியிருக்கு, ஆறியிருக்கு. அப்போ யாரு லாரி ஓட்டினாங்க?" என்பார் அண்ணி.

"முன்னாடி வேற காரணத்தால சூடாச்சு அண்ணி. அதுக்காக இப்பவும் அதே காரணம்னு ஆகிடுமா? இப்போ நாம எரிக்கற எண்ணெய், நிலக்கரிப் புகை மேல போர்வை மாதிரி நிக்குது. வாங்கின சூட்டை வெளிய விட மாட்டேங்குது."

"போர்வையை நீ பார்த்தியா?"

"பார்க்க வேண்டாம், அளந்தா தெரியும். சூரியன்தான் காரணம்னா பகல்தான் அதிகமா சூடாகணும். போர்வைன்னா ராத்திரியும் விடியக்காலையும் அதைவிட அதிகமா சூடாகும். ஏன்னா ராத்திரிதானே பூமி சூட்டை வெளிய விடணும்."

"அளந்து காட்டு, அப்புறம் பேசு" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் விடாக்கண்டர் என்றால் நான் கொடாக்கண்டர். நடுவில் என் வீட்டுக்காரர், "புகையோ சூரியனோ, அந்தக் குழம்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்பார்.

நகரசபை ஒரு கூட்டத்தை அறிவித்ததும் பேச்சு விளையாட்டு இல்லை என்று ஆகிவிட்டது. டிப்போ நிற்கும் நிலம் நகரசபையுடையது. குத்தகை முடிகிறது. எண்ணெய் கம்பெனி இன்னும் முப்பது வருஷம் கேட்டது, மூன்று புதுத் தொட்டிகளோடு. இன்னொரு பக்கம், டிப்போவை எடுத்துவிட்டு அங்கே சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் வைத்து ஊர் பஸ்கள் எல்லாவற்றையும் கரண்டில் ஓட்டலாம் என்று ஒரு திட்டம். இரண்டு தரப்பும் ஆளுக்கு இருபது நிமிஷம் பேசலாம், பதினைந்து உறுப்பினர்களும் கைதூக்கி முடிவு செய்வார்கள் என்று அறிவிப்பு. டிப்போ போனால் அங்கே வேலை செய்யும் பதினோரு பேர் தெருவில் நிற்க வேண்டும். என் வீட்டுக்காரரின் லாரியும் நிற்கும்.

டிப்போ ஆட்கள் யோசிக்கவே இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கோலக்காவைப் பேச அனுப்பத் தீர்மானித்தார்கள்.

அண்ணி எதையும் அளக்காமல் பேச மாட்டார். "டீச்சரம்மா, ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும். உன் போர்வையைக் கிழிச்சுக் காட்டறேன்" என்றார். நானும் விட்டேனா? கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வீட்டுக்காரர் அந்த வாரங்களில் லாரியோடு வெளியூரில்.

மாடி அறையின் தரை முழுக்க நோட்டுகள். முதல் ஐந்து வருஷத்தின் காலைச் சூடு, மதியச் சூடு. கடைசி ஐந்து வருஷத்தின் காலைச் சூடு, மதியச் சூடு. இரண்டையும் ஒப்பிடுவதுதான் திட்டம். முதல் ஞாயிறு எண்ணெய்த் தொட்டிகள், டிப்போவிலிருந்து கொண்டுவந்த பதிவேடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுத்து. சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் காலைச் சூடு நன்றாக ஏறியிருந்தது, மதியச் சூடு ஏறவே இல்லை.

நான் துள்ளினேன். அண்ணி அசையவில்லை. நடு வருஷங்களின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு தொடையில் தட்டி, "பெயின்ட்!" என்றார்.

"என்ன பெயின்ட்?"

"நான் சேர்ந்த பன்னெண்டாவது வருஷம் நாலு தொட்டிக்கும் வெள்ளை அடிச்சாங்க. அதுக்கு முன்னாடி சாம்பல் நிறம். வெள்ளை அடிச்சா மதிய வெயில் உள்ள ஏறாதில்ல? மதியம் ஏறாததுக்கு உன் போர்வை காரணம் இல்ல, பெயின்ட்தான் காரணம். அதுவும் போக, குழாய்ல ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சூட்டுல எண்ணெய் வந்து விழுது. இந்த நாலு தொட்டியும் சாட்சி சொல்ல லாயக்கில்ல."

பதினைந்து வருஷம் பாடம் நடத்திய எனக்குத் தோன்றவில்லை, ஏணி ஏறுகிறவருக்குத் தோன்றியது. நியாயமான மறுப்பு. நான் தோற்றேன் என்றுதான் நினைத்தேன். அண்ணிதான், தோற்றவளைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சாம் நம்பர் இருக்கு. அதுக்கு என்னைக்கும் சிவப்புதான். அதே பெயின்ட், அதே இடம், உள்ளே புதுசா ஒண்ணும் வந்து விழறதில்ல. சின்னத் தொட்டி, வெயில் பட்டா ஏறும், ராத்திரி ஆறும்."

"சுத்தி வீடு, ரோடு வந்திருந்தா அதுவும் ராத்திரியில சூட்டைக் கூட்டும் அண்ணி" என்றேன். நேர்மையாகத் தோற்கலாம் என்ற எண்ணம்.

"டிப்போவைச் சுத்தி எவன் வீடு கட்டுவான்? சட்டமே விடாது. நான் சேர்ந்தப்போ இருந்த அதே புல்லு, அதே வேலி."

அடுத்த ஞாயிறு தண்ணீர்த் தொட்டி. ஏழாயிரத்துச் சொச்சம் எண்கள். அவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன். மதியம் ஒன்றரை மணிக்கு முடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் மதியச் சூடு முக்கால் டிகிரி ஏறியிருந்தது. விடியற்காலைச் சூடு ஒன்றேகால் டிகிரி.

அண்ணி கால்குலேட்டரை வாங்கிக் கடைசிக் கழித்தலை இன்னொரு தடவை தட்டினார். அதே எண்.

"ராத்திரிதான் அதிகம்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு தொட்டியின் அளவைப் படிப்பதுபோல்தான் படித்தார்.

பத்து வருஷம் காத்திருந்த நிமிஷம். "பார்த்தீங்களா!" என்று கத்துவதற்கு எழுந்தேன். எழுந்தவள் கண்ணில் பால்கனிக் கொடி பட்டது. என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாத டீசல் வாசனை. அந்தச் சட்டையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதை அந்த நிமிஷம்வரை கணக்கில் சேர்த்ததில்லை.

"அண்ணி, இந்தத் தண்ணித் தொட்டி நோட்டைக் கூட்டத்துல எடுக்க வேண்டாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதானே பத்து வருஷமா இதையே சொல்லிட்டிருந்தே?"

"சொன்னேன். சாப்பாட்டு மேசையில சொன்னேன். அங்கே சொன்னா உங்க தம்பிக்கு வேலை போயிடும். நாலு எண்ணெய்த் தொட்டியை மட்டும் காட்டுங்க. மதியச் சூடு ஏறலன்னு சொல்லுங்க. யாருக்குப் பெயின்ட் ஞாபகம் இருக்கப்போகுது?"

எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றே" என்றார் அண்ணி. "ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்?" அதற்கு மேல் திட்டவில்லை. நோட்டுகளை அடுக்கினார். "தொட்டியில இருக்கறதைத்தான் எழுதணும். இருந்தா நல்லாருக்கும்னு நினைக்கறதை எழுதக் கூடாது. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ஏணி ஏறினேன்?" மணி இரண்டரை. மூன்று மணி அளவுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்தன்று நகரசபை அரங்கில் எள் போட்டால் எள் விழாது. இடப்பக்கம் டிப்போ ஆட்கள், என் வீட்டுக்காரர் முதல் வரிசையில். வலப்பக்கம் பேட்டரி கம்பெனியின் இன்ஜினியர், திரையும் படங்களுமாக. அவர் முதலில் அழகாகப் பேசினார். பிறகு அண்ணி எழுந்தார். கையில் ஒரே ஒரு நோட்டு.

"நான் டிப்போ சார்பா பேச வந்திருக்கேன். முதல்ல ஒரு அளவைப் படிக்கறேன்" என்று ஐந்தாம் நம்பர் தொட்டியைப் படித்தார். மதியம் முக்கால், விடியக்காலை ஒன்றேகால். "சூரியன்தான் காரணம்னு பத்து வருஷமா எங்க வீட்ல கத்திட்டிருந்தேன். என் தொட்டியே இல்லைன்னு சொல்லுது. ஒரு தொட்டியை வச்சு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா உலகம் முழுக்க அளந்தவங்களும் இதையேதான் சொல்றாங்க. அவங்களை நம்பாத என்னால என் அளவை நம்பாம இருக்க முடியல. முப்பது வருஷம் வேணும்னு கேக்க வந்தேன். கேக்க மாட்டேன்."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிச்சே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

இன்ஜினியர் சிரித்த முகத்தோடு நன்றி சொல்ல எழுந்தார். "உக்காருங்க தம்பி, உங்ககிட்ட இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார் அண்ணி. "எங்க டிப்போவுல ஊருக்கு ஒன்பது நாளைக்கு எண்ணெய் நிக்குது. உங்க பேட்டரியில எவ்வளவு நேரத்துக்குக் கரண்ட் நிக்கும்?"

"எல்லா பஸ்ஸுக்கும்னா... ஆறு மணி நேரம்."

"மூணு நாள் தொடர்ந்து மழை பேஞ்சா?"

"வெளிக் கம்பியிலருந்து கரண்ட் எடுத்துக்கலாம்."

"அந்தக் கரண்ட் எங்க, எதை எரிச்சு வருது?"

அவர் தண்ணீர் குடித்தார். அண்ணி உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார்.

"அவர் திட்டம் தப்புன்னு சொல்லல. அவசரம்னு சொல்றேன். எங்க தொழில்ல ஒண்ணு தெரியும்: நிறைஞ்ச தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து. எண்ணெய் போன இடத்துல ஆவி நிக்கும், ஒரு பொறி போதும். காலி பண்றதுக்கு ஒரு முறை இருக்கு. ஊரும் அப்படித்தான். முதல்ல பஸ். அது தினமும் சாயங்காலம் ஒரே இடத்துக்குத் திரும்பி வருது, கரண்ட் ஏத்தறது சுலபம். லாரி அப்புறம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ரெண்டு தொட்டி இன்னும் ஆறு வருஷம் நிக்கட்டும். வெளிக் கம்பியில வர்ற கரண்ட் எதுலருந்து வருதுன்னு வருஷா வருஷம் இதே அரங்கத்துல படிக்கணும். கடைசியா, முதல் தொட்டியைக் காலி பண்றதுக்கு முன்னாடி இந்தப் பதினோரு பேருக்கும் புது வேலையைச் சொல்லிக் கொடுத்து, டேங்கர் டிரைவருங்களுக்கு பஸ்ல இடம் கொடுத்து, பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மூடியைத் திறக்கணும். பேர் எழுதலன்னா நானே ஏணியில ஏறி உக்காந்துக்குவேன்."

நகரசபைத் தலைவி, "பேர்ப்பட்டியல் இருக்கா?" என்று கேட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினார் அண்ணி. ஒன்பது கைகள் ஆதரவாகவும் ஆறு எதிராகவும் எழுந்தன. அண்ணி சொன்ன நிபந்தனைகளோடுதான் திட்டம் நிறைவேறியது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். பதினோரு பேரில் இரண்டு பேர் புது வேலை பிடிக்காமல் வேறு ஊருக்குப் போனார்கள். நாலு பேர் அண்ணியோடு பேச்சை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் நாற்பது நாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். நாற்பத்தோராம் நாள், "அந்த பஸ் டிரெய்னிங்குக்கு போட்டோ எத்தனை வேணுமாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "மூணு" என்றார் அண்ணி, தட்டைப் பார்த்து. இப்போது அவர் பேட்டரி பஸ் ஓட்டுகிறார். சத்தமே இல்லாத வண்டியில் தூக்கம் வருகிறது என்று தினமும் குறை சொல்கிறார். சட்டையில் டீசல் வாசனை இல்லை. அது போனதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மிச்சம் நின்ற இரண்டு தொட்டிகளுக்குத் தானாக அளக்கும் கருவி வைத்ததில் அண்ணியின் அளவெடுக்கும் வேலைதான் முதலில் போனது. நாற்பத்தொன்பது வயதில் பேட்டரிப் பரீட்சை எழுதினார். முதல் தடவை தோல்வி, இரண்டாம் தடவை தேறினார். இப்போது பேட்டரிக் கூடத்தில் இருக்கிறார். சூட்டைத் திரையே காட்டும். இருந்தாலும் அவர் ஒரு தெர்மாமீட்டரையும் பென்சிலையும் கொண்டுபோகிறார். "திரையை யார் அளக்கறது?" என்று கேட்கிறார்.

போன வருஷம் ஐந்தாம் நம்பர் நோட்டுகளை எல்லாம் பெட்டியில் கட்டி என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "உன் பிள்ளைங்க கூட்டிப் பார்க்கட்டும். என் கணக்கை நம்ப வேண்டாம்னு சொல்லு."

பாடத்துக்கு முந்தின நாள் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. மழை, பலத்த காற்று, மூடியில் துரு என்று எழுதியிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்துக்கு வந்தேன். "வானம் தெளிவு. இந்தப் புத்தகத்தை மறைக்கச் சொன்னாள் தம்பி மனைவி. முடியாது என்றேன்."

பென்சில் எழுத்து. மேசையில் ரப்பர் இருந்தது. கையில் எடுத்தும் பார்த்தேன். இந்த நோட்டில் எந்த எண்ணையும் எந்த நாளிலும் அழித்திருக்கலாம், அவர் ஒன்றைக்கூட அழிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரப்பரை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கு ஒரு மாதம் பிரித்துக் கொடுத்தேன். அந்தக் குறிப்பு இருந்த மாதம் மூன்றாவது வரிசைப் பெண்ணுக்குப் போனது. அவள் எண்ணை மட்டும் படித்திருக்கலாம். ஆனால் நல்ல மாணவி, குறிப்பையும் சத்தமாகப் படித்தாள். வகுப்பு சிரித்தது.

"டீச்சர், யாரு டீச்சர் இந்தத் தம்பி மனைவி?"

"நான்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவள் நோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்களா? நீங்க ஏன் டீச்சர் மறைக்கச் சொன்னீங்க? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சும் பயந்துட்டேன். எழுதினவங்களுக்குப் பயம் இல்லாம இல்ல. ஆனாலும் எழுதிட்டாங்க." சாக்பீஸை எடுத்துக்கொண்டேன். "இப்போ அந்த நாளோட விடியக்காலைச் சூட்டைப் படி."